அண்ணாச்சியிடம் யாரும் சொல்லவில்லை

“ஞாயித்துக்கெழம கூட்டத்துல அண்ணாச்சிய எறக்கிருவோம்லே. வெளிய ஒருத்தனுக்கும் மூச்சு விட்டுராத.”

சொன்னவன் சுந்தரபாண்டி. பழக்கடைக்காரன். சொன்னது ரகசியம். ஆனால் குற்றாலத்து ஐந்தருவியில் அந்தக் காலை வேளையில் தலை துவட்டிக்கொண்டிருந்தவர்கள், ஈரவேட்டி பிழிந்துகொண்டிருந்தவர்கள், கடைக்குப் படுதா கட்டிக்கொண்டிருந்தவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள்.

சதிக்கு அருவியைத் தேர்ந்தெடுத்தது உண்மையில் கெட்டிக்காரத்தனம்தான். போனில் பேசினால் ரெக்கார்டு ஆகும். வாட்ஸப்பில் எழுதினால் ஸ்கிரீன்ஷாட் பறக்கும். டீக்கடையில் பேசினால் டீ ஆறுவதற்குள் அண்ணாச்சியின் காதுக்குப் போகும். அருவிக்கு அடியில் நின்று அடுத்தவன் காதுக்குள் கத்தினால் மூன்றாவது ஆளுக்குக் கேட்க வழியே இல்லை. குளிக்கிறவன் மடியில் போனை ஒளித்து வைக்கவும் முடியாது. ஒரு வாரமாக அங்கேதான் பேசினார்கள். அங்கேதான் ஆள் சேர்த்தார்கள்.

வெளியே வந்ததும் காதில் தண்ணீர் அடைத்திருந்ததைத்தான் சுந்தரபாண்டி மறந்துபோனான். காது அடைத்தவனுக்குத் தன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். மெதுவாகத்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஊருக்கே அறிவிப்பான். வெளியூர்க்காரர்கள் இப்படித்தான் மாமியாரைப் பற்றிப் பேசி மாட்டிக்கொள்வார்கள். உள்ளூர்க்காரன் மாட்டியது அன்றைக்குத்தான்.

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. பிறகு, ஒரே கயிற்றில் கட்டியதுபோல், பெண்கள் பக்கத்துக் கம்பித் தடுப்பை நோக்கித் திரும்பின.

அங்கே கூந்தலைப் பிழிந்துகொண்டு நின்றிருந்தாள் ஜோதிலட்சுமி. இறக்கப்படவிருந்த அண்ணாச்சியின் மனைவி.

“என்னலே, எல்லாரும் எங்கன பாக்காவ?” என்று சுந்தரபாண்டி அதையும் கத்தித்தான் கேட்டான். பக்கத்தில் நின்றவன் கையை நீட்டிக் காட்டினான். சுந்தரபாண்டி திரும்பிப் பார்த்தான். இடுப்புத் துண்டு நழுவியதை அவன் கவனிக்கவில்லை.

ஜோதிலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படிக்கட்டின் கீழே விசிலைக் கடித்துக்கொண்டு நின்ற இசக்கிமணியை அப்போதுதான் பார்த்தாள். வண்டி நிறுத்துமிடத்துக்குக் காவல் அவன். அதைவிட முக்கியமாக, அண்ணாச்சியின் காதும் அவன்தான்.

சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி வந்துவிடும்.

அண்ணாச்சி என்றால் நெல்லையப்பன். அருவிக்கரை சீசன் வியாபாரிகள் நலச்சங்கத்தின் தலைவர். சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டும் இரண்டு மூன்று மாதத்து வியாபாரத்தில்தான் இங்கே பல வீடுகளில் வருஷம் முழுக்க அடுப்பு எரிகிறது. அருவிக்குப் போகிற வழியில் யாருக்குக் கடை, கழிப்பறைக்குப் பின்னால் யாருக்குக் கடை என்று இடம் ஒதுக்குவது சங்கம். சங்கம் என்றால் அண்ணாச்சி.

அவர் பதவிக்கு வந்தது வெள்ளத்தில். ஒரு சீசன் நடுவே மலையில் கொட்டித் தீர்த்து, கரையோரக் கடைகளை அடித்துக்கொண்டு போனது. அப்போதைய தலைவர் லிங்கேஸ்வரன் கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். நெல்லையப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவன் இதே சுந்தரபாண்டி. ஆட்களை மீட்டார், அடுப்புகளை மீட்டார், மறுநாளே கோடு கிழித்துக் கடைகளைப் போட வைத்தார். கூட்டம் கூடி, “நீங்களே பாத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்றது. “இந்த சீசன் முடியிற வரைக்கும்தான்” என்றார் அவர்.

அடுத்த சீசனில் அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அதற்கடுத்த சீசனில், ஞாபகம் வைத்திருந்தவர்களின் கடைகள் கழிப்பறைக்குப் பின்னால் போயிருந்தன.

அடிதடி கிடையாது. கெட்ட வார்த்தை கிடையாது. இடம் மாறும், அவ்வளவுதான். சங்கத்தின் வாட்ஸப் குரூப்பில் அவர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். கூட்டத்தில் “மறுப்பு உண்டா” என்று கேட்டு, யாரும் மூச்சு இழுப்பதற்குள் “ஒருமனதாக” என்று முடிப்பார். அதே மனிதர்தான் பிரசவத்துக்குத் தன் காரை அனுப்புவார். சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். எவன் பிள்ளைக்கு எந்தக் காலேஜ் என்பது வரை தலையில் வைத்திருப்பார். பயம் எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று கடைக்காரர்களுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது.

இந்த வருஷம் மூக்கம்மாள், “தேர்தல் எப்பய்யா?” என்று கேட்டுவிட்டாள். நேந்திரம் சிப்ஸ் வறுக்கிறவள். எழுபதைத் தாண்டியவள். மறுநாள் அவளுடைய எண்ணெய்ச்சட்டி கழிப்பறைக்குப் பின்னால் இருந்தது. சுந்தரபாண்டிக்குப் பொறுக்காமல் போனது அங்கேதான்.

அன்று காலை ஐந்தருவி பஸ் நிறுத்தத்தில் சுந்தரபாண்டியின் மனைவி சங்கரேஸ்வரி ஓடிவந்து ஜோதிலட்சுமியின் கையைப் பிடித்தாள்.

“மதினி, அவரு ஒரு கூறுகெட்ட மனுசன். ஏதோ வாய்தவறி வந்துட்டு.”

“வாய் தவறலட்டி. காதுதான் அடச்சிருந்துச்சு.”

“அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா எங்களத் தூக்கி எங்கன போடுவாவளோ.”

“மூக்கம்மா பக்கத்துலதான். பேச்சுத்துணையாச்சு.”

சங்கரேஸ்வரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஜோதிலட்சுமி அவள் தலையில் சொட்டிய தண்ணீரைத் துண்டால் ஒற்றிவிட்டாள். இவள் கல்யாணத்தைப் பேசி முடித்ததே நெல்லையப்பன்தான்.

“ஏட்டி, நெசமாச் சொல்லு. ஆள் சேந்திருக்கா?”

சங்கரேஸ்வரி தரையைப் பார்த்தாள். “சேந்திருக்கு மதினி.”

“எம்புட்டு?”

“யாரு சேரலன்னு கேளுங்க. அதுதான் சுளுவு.”

தென்காசிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜோதிலட்சுமி அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். அவர் தலைவராக இருப்பதில் அவளுக்கு ஆசை எப்போதோ விட்டுப்போயிற்று. பயம் வேறு. லிங்கேஸ்வரனை இறக்கியபோது அவளும் மண்டபத்தில் இருந்தாள். பட்டென்று முடித்தார்கள். அதற்குப் பிறகு லிங்கேஸ்வரன் கடைவீதியில் வந்தால் எல்லோருக்கும் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். ஒரு மாலையில் அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார, மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோனதை அவள் பார்த்திருக்கிறாள். மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போனவர், சாகும்வரை ஊர்ப்பக்கம் வரவில்லை. குற்றாலத்தில் பிறந்த மனிதர் கடைசிக் காலத்தில் குழாயடியில் குளித்தார்.

நெல்லையப்பனுக்கு அது நடக்கக்கூடாது. அவரைத் தள்ளுவதற்கு முன்னால் அவரே இறங்கிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள்.

ஆனால் அதற்குள் இசக்கிமணி வந்து ஊதிவிடுவான். தெரிந்தால் இவர் சும்மா இருக்கமாட்டார். கூட்டத்துக்கு முன்பே பாதிக் கடைகள் இடம் மாறும். பிறகு மன்னிப்புக்கு வழியே இருக்காது, இரண்டு பக்கமும்.

சாயங்காலம் இசக்கிமணி வந்தான்.

நெல்லையப்பன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு நாட்டில் ஜனங்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்து, அவருடைய நீச்சல் குளத்தில் குதித்து விளையாடும் பழைய வீடியோ. “பாருலே இசக்கி,” என்று போனை நீட்டினார். “இவ்வளவு சனம் கெளம்பி வருது. இவனுக்கு முன்கூட்டியே சொல்ல ஒரு நாதி இல்லியா?”

“அதான அண்ணாச்சி,” என்றான் இசக்கிமணி.

ஜோதிலட்சுமி காப்பியை நீட்டினாள். டம்ளரை வாங்கும்போது அவன் கண் அவளைத் தொட்டு நகர்ந்தது.

“அப்புறம், என்ன விசேசம்?”

இந்தக் கேள்விக்குத்தான் தினமும் வருவான். ஜோதிலட்சுமி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேரளாக்காரர் ஒருத்தரு செல்போன கொரங்கு தூக்கிட்டுப் போயிட்டு அண்ணாச்சி. வாழப்பழம் குடுத்தா வேண்டாங்குது. மிக்சர் பாக்கெட்டக் குடுத்ததும்தான் போனத் தந்துச்சு.”

“வேற?”

“பழைய குற்றாலத்துல தண்ணி கூடிருக்காம்.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எல்லாம் ஒங்க தயவுல நல்லாத்தான் போவுது.”

அவன் காப்பியைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். ஜோதிலட்சுமி காத்திருந்தாள். அடுத்து வேறு யாராவது வருவார்கள். முன்பெல்லாம் எவனாவது முணுமுணுத்தால் போதும், அரை மணிக்குள் மூன்று வாய் வழியாக வீட்டுக்கு வரும். நான்தான் முதலில் சொன்னேன் என்று அவர்களுக்குள் சண்டையே நடக்கும்.

கடையநல்லூர் அஹ்சன் வந்தான். துண்டு, லுங்கி வியாபாரம் செய்பவன். காலையில் அவனும் அங்கே நின்றிருந்தான். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டு, பிரியாணிக்கு யாரைச் சொல்லலாம் என்று கேட்டுவிட்டுப் போனான். வேறு மூச்சே இல்லை. அதன்பின் இரண்டு போன். ஒன்று கரண்டு கட் பற்றி. இன்னொன்று நலம் விசாரிக்க.

அப்போதுதான் ஜோதிலட்சுமிக்கு உறைத்தது. சதிகாரன் ஒருவன் கத்தியதில் ஒன்றுமில்லை. எந்த ஆட்சியிலும் ஒருவன் கத்துவான். அத்தனை பேர் கேட்டும் ஒருவர்கூட வந்து சொல்லவில்லையே, அதுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. அவர் ஏற்கெனவே இறங்கியாயிற்று. அவருக்குத்தான் தெரியாது.

மறுநாள் காலை அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றுக்குக் கிளம்பும்போது சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம ஒங்கள எறக்கப் போறாவ.”

நெல்லையப்பன் சிரித்தார். “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. அதத்தான் சொல்லுதேன்.”

“வெளையாடாதட்டி.”

“நேத்து ஐந்தருவியில ஒருத்தன் காது அடச்சுப்போயி வாய்விட்டுச் சொன்னான். அம்புட்டுப் பேருக்கும் கேட்டுது. இசக்கிமணி நின்னான். அஹ்சன் நின்னான். சாயங்காலம் ரெண்டுபேரும் இங்கன வந்தாவ. ஒருத்தன் கொரங்கு கத சொன்னான், ஒருத்தன் பிரியாணி கத சொன்னான்.”

அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் கணக்கு வந்து உட்கார்ந்தது. “யாருட்டி அவன்?”

“சொல்ல மாட்டேன்.”

“நீயுமா?”

“நான் சொன்னா நீங்க அவன் கடையத் தூக்குவிய. என்கிட்ட கேக்காதிய. ஒங்க ஆளுககிட்ட கேளுங்க. எவன் சொல்லுதான்னு நானும் பாக்கணும்.”

அவர் கார் சாவியை எடுத்தார். அவளும் ஏறிக்கொண்டாள்.

குற்றாலம் அன்றைக்குச் சாரலில் நனைந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியைப் பார்த்ததும் மடித்துக்கட்டிய வேட்டிகளெல்லாம் கீழே இறங்கின. கடைக்குக் கடை நின்றார். “என்னலே விசேசம்?” ஒண்ணுமில்ல அண்ணாச்சி. “வேற?” எல்லாம் ஒங்க தயவு அண்ணாச்சி. எல்லாக் கடையிலும் அதே பதில். சொல்லுகிற தொனியில்கூட வித்தியாசம் இல்லை.

ஐந்தருவியில் இசக்கிமணி ஓடிவந்து காருக்கு இடம் காட்டினான். நெல்லையப்பன் கண்ணாடியை இறக்கினார்.

“நேத்துக் காலைல இங்கன என்ன நடந்துச்சு?”

இசக்கிமணி விசிலைத் துடைத்தான். “நல்ல தண்ணி அண்ணாச்சி,” என்றான்.

அவர் அவனையே பார்த்தார். அவனும் பார்த்தான். பிறகு பின்னால் வந்த வேனுக்கு விசில் அடித்துக்கொண்டு ஓடினான்.

பழக்கடையில் சுந்தரபாண்டி எழுந்து நின்றான். அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே மங்குஸ்தான் பழங்களைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டான். ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்து, வைத்து, வேறொன்றை எடுத்தான். இருந்ததிலேயே நல்ல பழங்களாகப் பை நிறையப் போட்டான். ஒரு தடவைகூட நிமிரவில்லை.

“வீட்டுக்குக் கொண்டுபோங்க அண்ணாச்சி.”

“என்னலே, பழத்தப் பாத்தே பேசுத?”

“வெயிலு கண்ணு கூசுது அண்ணாச்சி.”

சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

நெல்லையப்பன் பையை வாங்கிக்கொண்டார். காரில் திரும்பும்போது, இலஞ்சிக்குப் பிரியும் விலக்கில், “இவனா?” என்றார். ஜோதிலட்சுமி பழப்பையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். “கயித்தப் பிடிச்சவன்,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய நெல்லையப்பன் திரும்பி வந்துவிட்டார். கூடத்தில் நடந்துகொண்டே திட்டம் போட்டார். நமக்கு யார் யார் நிற்பார்கள், கூட்டத்துக்கு எத்தனை பேரை முன்வரிசையில் உட்கார வைப்பது, சுந்தரபாண்டியின் இடத்தை இன்றைக்கே மாற்றி குரூப்பில் போட்டுவிட்டால் மற்றவன் எல்லாம் அடங்குவான். குரலில் ஒரு இளமைகூட வந்திருந்தது. ஜோதிலட்சுமிக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

“அஹ்சன், ஞாயித்துக்கெழம கூட்டத்துல ஒரு சலசலப்பு வரும்போலருக்கு.”

“நான் இருக்கேன் அண்ணாச்சி.”

என்ன சலசலப்பு என்று அஹ்சன் கேட்கவில்லை. அடுத்து மசாஜ் கடைக்காரன். “நான் இருக்கேன் அண்ணாச்சி.” அடுத்து டீக்கடை. “நான் இருக்கேன்லா அண்ணாச்சி, நீங்க எதுக்கு யோசிக்கிய?” கடைசியாக இசக்கிமணி. அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு அதையே சொன்னான்.

நெல்லையப்பன் போனை வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்ன, எல்லாரும் இருக்காவளாமா?” என்றாள் ஜோதிலட்சுமி.

அவர் போனைக் கவிழ்த்துப் போட்டார்.

“லிங்கேஸ்வரண்ணாச்சி ஒங்களுக்குப் போன் போட்டாவல்ல, கூட்டத்துக்கு முந்துன நாளு. நீங்க என்ன சொன்னிய?”

ஜன்னலுக்கு வெளியே எங்கோ மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. அவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தார்.

“நான் இருக்கேன் அண்ணாச்சின்னேன்,” என்றார்.

“நான் அடுப்படியில நின்னு கேட்டேன்.”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

“அப்ப எனக்கும் ஒங்களத் தலைவராப் பாக்க ஆசதான்.”

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். பழப்பையிலிருந்து ஒரு மங்குஸ்தானை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பிளந்தாள். வெள்ளைச் சுளைகளை அவர் கையில் வைத்தாள்.

“பயந்து சும்மா இருக்காவன்னு நெனைக்காதிய. ஒங்கமேல வெறுப்புன்னும் இல்ல. இசக்கிமணி சொல்லிருந்தா நீங்க சுந்தரபாண்டியக் கெடுப்பிய. அந்தப் பாவம் அவனுக்கு வேண்டாம். ஒங்க மொகத்தப் பாத்து ‘எறங்குங்க’ன்னு சொல்லவும் அவனுக்கு மனசு வரல. அதான் கொரங்கு கத.”

“இப்ப நான் என்ன செய்யணுங்குத?”

“நீங்கதான் தலைவரு. என்கிட்டயா கேக்கிய?”

அவர் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வரை அதைப் பற்றிப் பேசவே இல்லை. குரூப்பிலும் ஒன்றும் போடவில்லை. சுந்தரபாண்டியின் கடை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் இறங்கப் போகிறாரா, பாயப் போகிறாரா என்று ஜோதிலட்சுமிக்குக் கடைசிவரை தெரியவில்லை. நல்ல சட்டை ஒன்றைத் தேய்த்து வைக்கச் சொன்னார். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை.

கூட்டம் குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஃபேன்கள் கடகடத்தன. ஜோதிலட்சுமி பெண்கள் வரிசையில் சங்கரேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கம்மாள் கடைசி வரிசையில், காலை மடக்கி நாற்காலிமேல் ஏற்றிவைத்து உட்கார்ந்திருந்தாள். சுந்தரபாண்டி மூன்றாம் வரிசை ஓரத்தில் இருந்தான். வேர்த்து ஊற்றியது.

மேடையில் நெல்லையப்பன் ஒரே ஆள். வரவேற்றார். மறைந்த உறுப்பினர்களுக்கு ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். பிறகு மைக்கைப் பிடித்தார்.

“தீர்மானம் ஒண்ணு. தற்போதைய தலைவரே தொடருவது. மறுப்பு உண்டா?”

எல்லோரும் “ஒருமனதாக” என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

அவர் மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஃபேன் சத்தம் மட்டும். சுந்தரபாண்டி எழவில்லை. அருவிக்கடியில் கத்தியவர்களில் ஒருவனும் எழவில்லை. எல்லோரும் மற்றவன் எழட்டும் என்று காத்திருந்தார்கள். யாரும் எழாததால், தான் மட்டும்தான் சதியில் பாக்கி என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டான். ஒருவன் மெதுவாகத் தன் செருப்பைத் தேடினான்.

ஜோதிலட்சுமி தன் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் இன்னும் எத்தனையோ சீசனுக்கு இந்த மண்டபம் அவருடையது. அவருடைய உதடு அந்தச் சொல்லுக்காகக் குவிந்ததைக்கூட அவள் பார்த்தாள்.

அவர் அவள் இருந்த பக்கம் பார்த்தார்.

“ஏலே சுந்தரபாண்டி. எந்திரி.”

நாற்காலி கிறீச்சிட்டது. சுந்தரபாண்டி எழுந்தான்.

“சொல்லுலே.”

“நான் இருக்கேன் அண்ணாச்சி,” என்றான் சுந்தரபாண்டி.

மண்டபத்தில் எங்கோ ஒருவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் புரைக்கேறி இருமினார்.

“நீ இருக்கது தெரியும்லே. நான் போணும்னு சொன்னியாமே, அதச் சொல்லு. மைக்கு வேணுமா?”

“வேண்டாம் அண்ணாச்சி.”

“அப்பச் சொல்லு. இப்ப காது நல்லாக் கேக்குதுல்ல?”

இப்போது மண்டபமே சிரித்தது. சுந்தரபாண்டி வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதே தவிர வார்த்தை வரவில்லை.

“ஒக்காருங்க,” என்று சங்கரேஸ்வரி எழுந்தாள். “இவரு இன்னைக்குள்ள சொல்ல மாட்டாரு. நான் சொல்லுதேன். அண்ணாச்சி, நீங்க எங்களுக்கு நல்லது செஞ்சிய. இல்லங்கல. என் கல்யாணமே நீங்க பண்ணி வச்சது. ஆனா மூக்கம்மா ஒரு கேள்வி கேட்டதுக்குக் கக்கூசுக்குப் பின்னால போட்டிய. அன்னையிலருந்து ஒங்களப் பாத்தா சிரிக்கேன், உள்ள ஒதறுது. சிரிச்சுச் சிரிச்சு வாய் வலிக்குது அண்ணாச்சி. நீங்க எறங்குங்க.”

“வேற யாரும் சொல்லுதியளா?”

அஹ்சன் எழுந்தான். குரூப்பைத் திறந்துவிட வேண்டும் என்றான். மசாஜ் கடைக்காரன் எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் டீக்கடைக்காரன் எழுந்தான். பிறகு யார் பேசினார்கள், யார் கேட்டார்கள் என்று சொல்ல முடியாத அளவுக்கு இரைச்சல். நெல்லையப்பன் மேடையில் நின்று ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தலையாட்டினார். சிலதுக்கு முறைத்தார். ஒன்றுக்கு மட்டும் “அது பொய்லே” என்று கத்தினார். சொன்னவன் கொஞ்சம் யோசித்து, “சரி, அது பொய்தான். மத்ததெல்லாம் நெசம்” என்றான்.

கை தூக்கச் சொன்னபோது அவரும் தூக்கினார், தன்னை இறக்குவதற்கு. புதுத் தலைவர் யார் என்று கேட்டபோது சுந்தரபாண்டி சட்டைக் காலரைச் சரிசெய்தான். ஆனால் பின்வரிசையிலிருந்து யாரோ “சங்கரேஸ்வரி” என்றார்கள். அதையே இன்னொருவர் சொன்னார். வாய் திறந்து பேசியவள் அவள்தானே. அவள் வேண்டாம் வேண்டாம் என்று சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. சுந்தரபாண்டியின் கை எல்லோருக்கும் கடைசியாக உயர்ந்தது.

“ரெண்டு சீசன்தான்,” என்றாள் அவள் மைக்கைப் பிடித்து. “அதுக்கு மேல நானே கேட்டாலும் குடுக்காதிய. இத இப்பவே தீர்மானமாப் போட்டுருங்க.”

கூட்டம் முடிந்து வடை, காப்பி வந்தது. ஜோதிலட்சுமி கைப்பையையும் கார் சாவியையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். இனிதான் சோதனை. இறக்குவது சுலபம். லிங்கேஸ்வரனுக்கு நடந்ததெல்லாம் இறங்கிய பிறகுதான்.

நெல்லையப்பன் மேடையிலிருந்து இறங்கிவந்து, கூட்டத்துக்கு நடுவே காலியாக இருந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைக்காரர்கள் காப்பியோடு அங்கங்கே நின்றார்கள். அவரைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் காலியாக இருந்தது. ஒருவன் அவரைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் வேட்டியை இறக்கிவிட்டு, பிறகு மறுபடி மடித்துக் கட்டுவதா என்று தெரியாமல் நின்றான். இசக்கிமணி ஒரு தட்டில் வடையை வைத்துக்கொண்டு வட்டத்துக்கு வெளியே தயங்கினான். அவர் தன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

போகலாம் என்று கூப்பிடுவதற்கு ஜோதிலட்சுமி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“ஏ நெல்லையப்பா.”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவரைப் பெயர் சொல்லி ஒருவர் கூப்பிட்டு எவ்வளவோ காலமாயிற்று. மூக்கம்மாள் ஒரு நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். அவருக்கு எதிரே, முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“கேள்வி கேட்டா கக்கூசா?”

அவர் நிமிர்ந்தார். “கேள்விக்காக இல்ல மூக்கம்மா. ஒன் எண்ணெய்ச்சட்டி நடவழியில இருந்துச்சு. குளிச்சிட்டுப் பிள்ளைக ஈரக்காலோட ஓடியாற எடம். சறுக்கி உள்ள விழுந்தா?”

“அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?”

“சொன்னா நீ எதுத்துப் பேசுவ.”

“பேசத்தான் செய்வேன். வாய் எதுக்கு இருக்கு?”

“சட்டிய ரெண்டடி தள்ளி வைன்னு போன வருசமே சொன்னேன். வச்சியா?”

“ரெண்டடி தள்ளுனா மழ உள்ள அடிக்கி. படுதா கேட்டேன். தந்தியா?”

“படுதா தந்தேன். நீ அத ஒன் மருமவன் வீட்டுக்குக் குடுத்தனுப்புன.”

“யாரு சொன்னா அப்படி?”

“இந்தா, இசக்கிமணிதான் சொன்னான்.”

“ஏ இசக்கி, இங்கன வா,” என்றாள் மூக்கம்மாள்.

இசக்கிமணி வடைத் தட்டோடு வட்டத்துக்குள் வந்தான். படுதா விஷயத்தில் தனக்கும் சொல்ல இருக்கிறது என்று மசாஜ் கடைக்காரன் ஒரு நாற்காலியை இழுத்தான். அஹ்சன் கையில் காப்பியோடு பின்னால் வந்து நின்றான். நெல்லையப்பனின் காதுமடல் சிவந்துவிட்டது. விரலை நீட்டி நீட்டிப் பேசினார். மூக்கம்மாள் அந்த விரலைத் தட்டிவிட்டாள்.

“நான் இன்னும் முடிக்கல மூக்கம்மா.”

“நீ முடிச்சாச்சு. இப்ப நான் பேசுதேன். கேளு.”

ஜோதிலட்சுமி எடுத்துவைத்த அடியைப் பின்னால் வைத்தாள். கார் சாவியைப் பையில் போட்டு மூடினாள். பக்கத்தில் காப்பித் தட்டோடு போனவரை நிறுத்தி, சீனி கம்மியாக ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு, சத்தம் நன்றாகக் கேட்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.